எலும்புக்கூட்டின் கை நீளம்

"ஹலோ... கோச் சாருங்களா?... ஆமா, ஆமா, நான்தான் சார், ஈட்டி எறியுற அக்காவோட தம்பி... ஐயோ, வைக்காதீங்க! சிபாரிசு பண்ணக் கூப்பிடல..."

ஆய்வகத்தின் கதவைச் சாத்தி, அதன்மேலேயே முதுகைச் சாய்த்து நின்றான். எதிரே கொக்கியில் எலும்புக்கூடு தொங்கியது. எதற்காகக் கூப்பிட்டான் என்பது அதற்குக்கூடத் தெரியும். அவனுக்குத்தான் வாய் வரவில்லை.

"தோளா?... வீக்கம் இறங்கிருச்சு சார். வீட்டுல ஐஸ் வச்சுப் படுத்திருக்கா... இல்ல, உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லல. யாரைப் பத்தியும் ஒண்ணும் சொல்லல. அதுதான் சார் பிரச்சினையே... ஆமா, பார்க்கத் திமிர் மாதிரிதான் இருக்கும். முழங்கையை முன்னால விட்டு எறின்னு நீங்க தொண்டை வத்தச் சொன்னதை விட்டுட்டு, கம்பு மாதிரி கையை நீட்டி எறிஞ்சா... ஆமா... டீமை விட்டுத் தூக்கினது நியாயம்தான். ஆனா தூக்க வேண்டிய ஆளு வேற சார்... ஹலோ?... இருக்கீங்களா?... அந்த ஐடியா கொடுத்தது நான்."

சொல்லிவிட்டு எலும்புக்கூட்டைப் பார்த்தான். பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பாவம், அதற்கு வேறு வழியும் கிடையாது.

"விளையாட்டுக்குச் சொல்லல சார். நான் படிக்கிறதே இதுதான், என் புராஜெக்டும் இதுதான். உடம்புல இருக்கிற நெம்புகோல்... நெம்புகோல் சார், கடப்பாரையால கல்லைப் புரட்டுறோமே, அந்தச் சங்கதி... கதவு மாதிரி வச்சுக்கங்க. தோள் மூட்டுதான் கீல். ஈட்டி பிடிக்கிற கை, கதவோட ஓரம். இழுக்கிற தசை ஓரத்துல ஒட்டல, கீலுக்குப் பக்கத்துலயே ஒட்டியிருக்கு. அது துளி இழுத்தாப் போதும், ஓரம் விசிறிக்கிட்டுப் போகும். நீளம் கூடினா நுனி வேகமும் கூடும். அதனால கடைசி வரைக்கும் மடக்காம எறின்னேன்... ஆமா... ஆமா சார், கீல் பக்கமா கை வச்சுக் கதவைத் தள்ளினா எப்படிக் கனக்கும்! கை நீள நீளத் தோளுக்கு அந்தக் கனம்தான். நான் வேகத்தைப் பார்த்தேன். அதைக் கொடுக்கப் போற தோளைப் பார்க்கல..."

"கணக்கா?... அது... கணக்கும் கொஞ்சம் தப்பு. அக்கா கையை நான் அளக்கல... இருடா, குளிச்சிட்டு வரேன்னா. எனக்குச் சோம்பல். லேப்ல தொங்குறதை அளந்துட்டேன்... எலும்புக்கூடு சார்... ஆமா, எலும்புக்கூடேதான்... ஆம்பளை எலும்புக்கூடு. முழங்கை வேற உடைஞ்சு, கம்பி போட்டுக் கட்டினது, கொஞ்சம் நீளமாவே தொங்கும்... திட்டுங்க சார். நல்லாத் திட்டுங்க."

கோச் தாராளமாகத் திட்டினார். அவன் ஃபோனைக் காதிலிருந்து நகர்த்தவேயில்லை.

"...வெளியே தெரிஞ்சா என் புராஜெக்ட் போயிடும்னுதான் அவ வாயே திறக்கல. போகட்டும் சார். எங்க கைடு மேடம்கிட்ட நானே சொல்லிடுறேன். அவளை மட்டும் திரும்பச் சேர்த்துக்கங்க... தோள் சரியான பிறகா?... நிஜமாவா சார்?... நானா?... தினமும் விடிகாலையிலயா?... எல்லாரும் எறியுற ஈட்டியையுமா?... பொறுக்குறேன் சார். வர்றேன்... யாருகிட்ட கொடுக்குறீங்க?... இல்லையே, அவ வீட்டுல..."

குரல் பாதியாக இறங்கியது.

"அக்கா?... நீ எப்படி அங்க?... கெஞ்சிப் பார்க்கப் போனியா... ஸ்பீக்கர்லயா?... எதுலேருந்து கேட்ட?... நெம்புகோல்லேருந்தா?... அப்ப எலும்புக்கூடுமா... அழாதே அக்கா. தப்புதான், பெரிய தப்பு... அழுறியா, சிரிக்கிறியா?... ஏய், குலுங்காதே, தோள் வலிக்கும்! சொன்னாக் கேளு... இனிமே நான் என்ன சொன்னாலும் கேட்க மாட்டியா?... அதுவும் சரிதான்... அக்கா, ஒண்ணே ஒண்ணு. உன் கையை ஒரு தடவை அளந்துக்கட்டுமா?... ஹலோ?... ஹலோ?"