விக்ரோரியாவுக்கு ஒரு செபமாலை

ரோமுக்குப் போகிறவர்கள் நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு போக வேண்டும். நான் செருப்போடு போய் இரண்டாம் நாளே நொண்டினேன். மொழிபெயர்க்கும் தம்பிக்குச் சிரமமில்லாமல் மெதுவாகவே சொல்கிறேன். நீங்கள் கேட்டது என் வீட்டு நிலவறையைப் பற்றி என்றாலும், ரோமிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

எண்பத்தாறாம் ஆண்டு கோடையில் ஹோர்சன்ஸ் நகரத்துக் கோயில் பங்கு மக்களோடு பஸ்ஸில் யாத்திரை போனேன். மன்னாரிலிருந்து டென்மார்க்குக்கு வந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. மனைவி விக்ரோரியா ஊரில் இருந்தாள். கொலோசியம் பார்த்தோம். வெற்றி வளைவுகளும், இடிந்த தூண்களுக்கிடையே படுத்திருந்த பூனைகளும் பார்த்தோம். பெரிய மனிதர்கள் தங்கள் பெயர் நிலைக்கக் கட்டியவை அவை. என் மனதில் ஒட்டவில்லை. எனக்குப் பிடித்தது நகரத்துக்கு வெளியே, நிலத்துக்குக் கீழே இருந்த ஆதிக் கிறிஸ்தவர்களின் கல்லறைகள்தான். படிகளில் இறங்க இறங்க வெயிலும் இரைச்சலும் அறுந்துபோயின. ஒடுங்கிய பாதையின் இருபுறமும் சுவரைக் குடைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகள். ஒவ்வொன்றிலும் ஒருவரைக் கிடத்தி, ஓடு வைத்துச் சாந்து பூசி மூடியிருந்திருக்கிறார்கள். சில அடுக்குகள் என் கை நீளம்கூட இல்லை, அவை குழந்தைகளுக்கு. ஒரு சுவரில் கைகளை விரித்துச் செபிக்கும் பெண்ணின் ஓவியம் இருந்தது. அவள் முகத்தில் எந்த அவசரமும் இல்லை. வாசற்கடையில் ஒரு படப்புத்தகம் வாங்கினேன்.

அடுத்த வருடம் விக்ரோரியாவைக் கூப்பிட விண்ணப்பித்தேன். பதில் வரவில்லை. எங்கள் ஆட்கள் எவருக்கும் வரவில்லை. தமிழர்களின் குடும்ப விண்ணப்பங்களை மேலிடம் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தது பிறகுதான் வெளியே வந்தது. மன்னாரில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. நான் ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்து, கிழக்கு பெர்லின் வழியாகக் களவாக அவளை எடுப்பித்தேன்.

நான் இறைச்சி ஆலையில் வேலை செய்தேன். வயல்களுக்கு நடுவே தனித்திருந்த பழைய வீட்டில் வாடகைக்கு இருந்தேன். கீழே உருளைக்கிழங்கு வைக்கும் நிலவறை. பிடிபட்டால் இரண்டு பேரையும் திருப்பி அனுப்புவார்கள் என்று சொல்லி அவளை அங்கே இருத்தினேன். அப்போது நானும் அதை நம்பினேன். கட்டில் போட்டேன், மாதா சுரூபம் வைத்தேன், சின்ன ஜன்னலுக்குப் பலகை அடித்தேன். அந்தப் படப்புத்தகத்தையும் கொடுத்தேன்.

"இதுக்குள்ளையோ அந்தக் காலத்துச் சனம் ஒளிச்சிருந்தது?" என்று கேட்டாள்.

"ஓம். ராசாக்கள் தேடிப் பிடிச்சுக் கொன்றபடியால்."

"எவ்வளவு காலம் இருந்தவை?"

"முந்நூறு வருசம்."

அவள் சிரித்தாள். "அப்ப நான் இன்னும் கொஞ்சம் இருக்கலாம்."

உண்மையில் அங்கே எவரும் ஒளிந்து வாழவில்லை, அது இறந்தவர்களுக்கான இடம் மட்டுமே என்று வழிகாட்டி தெளிவாகச் சொல்லியிருந்தார். அதை அவளுக்குச் சொல்லும் தேவை இருக்கவில்லை.

எண்பத்தொன்பதில் தடை நீங்கியது. ஆலையில் என்னோடு வேலை செய்த றொபேட் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். "அண்ணை, எங்கட கேஸ் எல்லாம் திரும்ப எடுக்கிறாங்களாம். அக்காவும் வந்திடுவா."

அவன் மனைவி கிளோறியா சில மாதங்களில் வந்தாள். டேனிஷ் படித்தாள், சைக்கிள் பழகினாள், முதியோர் இல்லத்தில் வேலை எடுத்தாள். றொபேட் வீட்டுக்குப் போகும்போது வீடு இருட்டாக இருக்கும்; அவனே சோறு காய்ச்சுவான். அவன் குறைபட்டதில்லை, ஆனால் நான் பார்த்தேன். என் வீட்டில் நான் படியிறங்கும் சத்தத்துக்கே ஒருத்தி எழுந்து நிற்பாள். நான் கொண்டுபோகும் செய்தியைத் தவிர அவளுக்கு வேறு உலகம் இல்லை. அந்த அமைதியைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, விக்ரோரியாவுக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் சொன்னபோது, அவள் ஷெல்லடியில் இறந்துவிட்டாள் என்றேன். பேசிய பெண் அழுதுவிட்டாள். நான்தான் அவளை ஆறுதல்படுத்தினேன்.

செய்தி பரவியது. ஞாயிறு பூசையை அவளுக்கு ஒப்புக்கொடுத்தார்கள். பூசை முடிந்ததும் றொபேட்டும் கிளோறியாவும் இன்னும் சிலரும் சாப்பாட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தடுக்க முடியவில்லை. முன்னறையில் முழந்தாளிட்டுச் செபமாலை சொன்னார்கள். பத்துப் பத்து மணியாக வரும் ஒவ்வொரு காரணிக்கத்துக்கும் அவள் பெயரைச் சொன்னார்கள். மூன்றாவதில் கீழே தட்டும் சத்தம் கேட்டது. பிறகு குரல். நான் உடனே மாதா பாட்டை உரத்துத் தொடங்கினேன். எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். கிளோறியா விம்மி விம்மிப் பாடினாள்.

அவர்கள் போனபின் கீழே இறங்கினேன். அவள் கதவோரம் நிலத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் செத்துப்போனனோ?"

"ஓம். கொஞ்ச நாளைக்கு."

"மற்ற ஆக்களின்ர மனுசிமார் எல்லாம் வந்திட்டினமோ?"

"இன்னும் இல்லை," என்றேன்.

"மேல ஒரு பொம்பிளை தமிழிலை அழுதவா. ஆர் அவ?"

அவர்கள் கொண்டுவந்த சாப்பாட்டை அவளுக்குப் போட்டுக் கொடுத்தேன். அதன்பிறகு அவள் என்னோடு அதிகம் கதைக்கவில்லை. என் காலடிக்கு எழுந்து நிற்பதும் நின்றுபோனது. அது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. மாரிகாலத்தில் அவளுக்கு இருமல் பிடித்தது. நல்லெண்ணெயைச் சூடாக்கி நெஞ்சில் தேய்த்தேன், கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். இருமலில் இரத்தம் வந்தபோது, "டொக்ரரைக் கூப்பிடுங்கோ, என்னைத் திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை" என்றாள். தொலைபேசி மேலேதான் இருந்தது. ஆனால் பூசை வைத்து முடிந்த பெண்ணுக்கு எந்த டொக்ரரைக் கூப்பிடுவது? யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

வடக்குச் சுவரின் செங்கற்களை எடுத்து, பின்னால் இருந்த களிமண்ணைக் குடைந்தேன். அவளை வெள்ளைச் சீலையில் சுற்றிக் கிடத்தி, ஓடு வைத்து, சாந்து பூசினேன். ரோமில் அந்தக் கல்லறைகளில் பார்த்ததுபோல, ஈரச்சாந்தில் மீனும் அவள் பெயரும் கீறினேன். வீட்டைப் புதிதாக வாங்கியவர் வெப்பக் குழாய் போட அந்தச் சுவரை உடைத்திருக்காவிட்டால் அவள் நிம்மதியாக இருந்திருப்பாள்.

எங்கள் விண்ணப்பங்களைக் கிடப்பில் போட்ட அந்தத் தமிழர் வழக்கால் இந்தச் சனவரியில் உங்கள் அரசாங்கமே விழுந்தது. றொபேட் கேக் கொண்டுவந்து தந்து, "இதைப் பார்க்க அக்கா இல்லையே" என்று அழுதான். நானும் அழுதேன், அது நடிப்பல்ல. அவளுக்குக் கதவைச் சாத்தியது நானல்ல, இந்த நாடு. நான் வெளிப்பக்கத்துக் கொண்டியை மட்டும்தான் போட்டேன்.