கேப்டன் சொன்ன ஆட்டம்

— அதெல்லாம் தெரியாது ஏஞ்சலு. டாக்டரே சொல்லிட்டாரு. ஆடத்தான் கூடாது, ஓரமா குந்தி அரை மணி நேரம் பாக்கலாமாம். நாளைக்கு சாயங்காலம் என்னிய பருத்திக்குன்றம் கிரவுண்டுக்கு கூட்டினு போற.

— மகாராணி ஜீவிதாவுக்கு அவசரத்த பாரு. பக்கத்து வூட்டுல தறி அடிச்சாலே காத பொத்திக்குவ. அங்க அத்தினி பொண்ணுங்க கபடி கபடின்னு கத்துவாளுங்களே, தாங்குவியா?

— தறி சத்தம் இப்ப தொல்ல பண்றதில்ல. தலையில அடிபட்டு எட்டு மாசமாச்சு. ரசத்துக்கு உப்பு போட்டியான்னு அம்மா கேட்டா கூட அழுதுனு இருந்தேனே, அதுவும் கொறஞ்சிருக்குது.

— முந்தாநேத்து டீவி ரிமோட்ட காணோம்னு அழுத. பெரிய ரெய்டரு.

— அது போன வாரம். ரிமோட்டுக்கா அழுதேன்? எங்க வெச்சேன்னு ஞாபகம் வரலியேன்னு பயந்து அழுதேன்.

— செரி தாயே. ஆட்டோ குலுக்கல்ல பாதி வழியில வாந்தி எடுப்ப, பரவால்லியா?

— உங்க மாமா ஆட்டோதான, மெதுவா போ சொல்லு.

— ஆம்புலன்ஸ்ல கபடி கபடின்னு பாடிக்கினே போயி, நர்ஸ் கைய தொட்டுட்டு ஒரு பாயிண்டு குடுன்னு கேட்டியே, அதாவது ஞாபகம் இருக்குதா?

— நீ சொல்லி சொல்லித்தான் தெரியும். பேச்ச மாத்தாத. என் எடத்துல இப்ப யார் ரெய்டு போறா?

— கலாவதிதான். நேத்து பாதியிலயே மூச்சு வுட்டுட்டா. கோச் தனசேகரன் சாரு விசில கீழ போட்டு மிதிச்சாரு.

— கலாவதி கல்யாணம் ஆயி ஆரணிக்கு பூட்டான்னு போன மாசம் சொன்ன.

— அது வேற கலாவதி.

— நம்ம டீம்ல எத்தினி கலாவதி? முட்டியில ஒரு சிராய்ப்பு இல்ல உனக்கு. நகம் வளத்து பாலிஷ் போட்டிருக்க. இந்த நகத்தோட சாரு உன்ன கோட்டுக்குள்ள வுடுவாரா?

— மண்டையில அடிபட்டவதானன்னு நம்பி பேசனேன் பாரு, என்னிய சொல்லணும்.

— ஏஞ்சலு, நீ ஆடறியா இல்லியா?

— இல்ல. நீ மொத தடவ வுழுந்தப்போ, ஒண்ணியும் இல்ல எந்திரின்னு தலையில தண்ணி ஊத்தி மறுபடியும் ரெய்டுக்கு அனுப்புனது நானு. கேப்டன் சொல்றாளேன்னு நீயும் போன. திரும்பவும் தல தரையில மோதிச்சு. அன்னிலர்ந்து நான் கோட்டுக்குள்ள கால் வெக்கல ஜீவி. பயமா இருக்குது. நாளைக்கு நீ அங்க வந்தா எல்லாம் தெரிஞ்சி பூடுமேன்னுதான் சுத்தி வளைச்சேன்.

— நாளைக்கு ரெண்டு பேரும் போறோம். நான் ஓரமா குந்தறேன், நீ உள்ள போற.

— உனக்கு கோவம் வரலியாடி? டீம்ல மத்தவ ஒருத்தியும் இந்த பக்கம் எட்டி பாக்கறதில்ல. நான் ஒருத்திதான் தெனம் வந்தேன், வந்து சொன்னது பூரா புளுகு.

— நீ ஆடறதில்லன்னு தனசேகரன் சாரு பொங்கலப்பவே வந்து சொல்லிட்டாருடி. ஆட்டக்கதை தீந்துபோனா நீயும் வராம பூடுவியோன்னுதான் தெரியாத மாதிரி கேட்டுக்கினு இருந்தேன்.