இவரை யாருக்காவது தெரியுமா?

உங்கள் ஸ்டேஷன் ஃபேன் சத்தம் போடுவதற்குக் காரணம் பேரிங்தான், மேடம். இரண்டு சொட்டு ஆயில் விட்டால் சரியாகிவிடும், புதிதாக வாங்க வேண்டியதில்லை. இதைப் பற்றி எங்கள் நகர் வாட்ஸப் குழுவில் படத்தோடு எழுதியிருக்கிறேன். ஸ்தலசயன நகரில் எல்லா வீட்டுக்காரர்களும் அந்தக் குழுவில் உண்டு, நான்தான் அட்மின். அந்தப் பதிவுக்கு ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது. அதுவும் சம்பத் போட்டது. அவர் எதற்கும் கட்டைவிரல் போடுவார். என் அண்ணா காலமான செய்திக்கும் போட்டார்.

தேவசகாயம் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்காததையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் புரியும்.

என் பெயர் ஆராவமுதன். கல்பாக்கம் பக்கம் ஓர் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆபீஸ் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் முதல் சீட் என்னுடையது. பஸ் பூஞ்சேரி தாண்டுவதற்குள் பேப்பரை முடித்துவிடுவேன். பிறகு எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் திரும்பி நின்று சொல்ல ஆரம்பிப்பேன். யார் சொல்வது உண்மை, யார் புளுகுகிறார்கள், வங்கி வட்டி ஏறுமா இறங்குமா, எல்லாம். பஸ் முழுக்க அமைதியாகக் கேட்கும். கலையரசன் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். "சார், இன்னிக்கு இன்னா மேட்டரு?" என்று கேட்டுக்கொண்டேதான் ஏறுவான்.

அப்புறம் ஃபோன் வந்தது. முதலில் நான் கவனிக்கவில்லை. ஒருநாள் பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ சிரித்தார்கள். பெட்ரோல் விலையில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. எட்டிப் பார்த்தால் காதில் ஒயர். கொஞ்ச நாளில் எல்லாக் காதிலும் ஒயர். அதற்குப் பிறகும் நான் ரிடையர் ஆகும்வரை நின்றுகொண்டு பேசினேன். டிரைவர் ஒருத்தர்தான் கேட்டார், அவருக்கு வேறு வழியில்லை.

வீட்டிலும் அதே கதைதான். என் மனைவி சௌந்தரவல்லி ஃபோனில் சீரியல் பார்ப்பாள். "சொல்லுங்கோ, கேட்டுண்டுதான் இருக்கேன்" என்பாள். நான் என்ன சொன்னேன் என்று திருப்பிக் கேட்டால், "ஏதோ மோட்டார் ரிப்பேர்னேளே" என்பாள். நான் என் நெஞ்சு வலியைப் பற்றிச் சொல்லியிருப்பேன்.

குழுவை அதனால்தான் ஆரம்பித்தேன். ஃபோனைத்தானே பார்க்கிறீர்கள், அதிலேயே வருகிறேன் என்று நினைத்தேன். தினமும் ஏதாவது பயனுள்ளதாக எழுதுவேன். யாரும் படிக்கவில்லை. ஒருநாள் பூங்காவில் ஒரு சாரைப்பாம்பைப் பார்த்தேன். இரண்டே வரி போட்டேன். ஃபோன் கையில் நிற்கவில்லை, மேடம். எங்கே, எவ்வளவு நீளம், இன்னும் இருக்கிறதா, சார் சொல்லுங்கள் சார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த மாதமும் ஒரு பாம்பைப் பற்றி எழுதினேன். அந்தப் பாம்பை நான் பார்க்கவில்லை.

எந்த நேரத்தில் எழுதுவது என்பதையும் சோதித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் ஆபீசுக்குள் ஃபோன் கொண்டுபோக முடியாது. காலையில் வாசலில் ஒப்படைத்துவிட்டு, சாயங்காலம் வெளியே வரும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். நகரில் பாதிப் பேர் அங்கே வேலை செய்கிறவர்கள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் எல்லாத் தலையும் ஒன்றாகக் குனியும். காலையில் போட்ட செய்தி அதற்குள் அடியில் போயிருக்கும். வேலை விடுவதற்குச் சற்று முன்னால் போட்டால் மேலேயே நிற்கும். பஸ் முழுக்க ஒரே நேரத்தில் படிக்கும். பழைய மாதிரியே.

அடுத்தது நாய். செவலை நாய் ஒன்று பூங்கா பக்கம் திரியும், குழந்தைகள் பிஸ்கட் போடுவார்கள். அதன் வாயில் நுரை தெரிந்த மாதிரி இருந்தது. 'வெறியாக இருக்கலாம், ஜாக்கிரதை' என்று எழுதினேன். வெறி என்று எழுதவில்லை, கவனியுங்கள். பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் நேராகப் பூங்காவுக்குப் போனார்கள். கலையரசன் கிரிக்கெட் ஸ்டம்ப் எடுத்துவந்தான். நாய் வாலை ஆட்டிக்கொண்டுதான் அவனிடம் வந்தது. முதுகெலும்பு உடைந்த பிறகும் முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் நுழையப் பார்த்தது. சாவதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது. குழுவில் ஆளாளுக்கு நன்றி சொன்னார்கள். "சார் மட்டும் சொல்லலன்னா இன்னா ஆயிருக்கும்" என்று கலையரசன் குரலிலேயே அனுப்பியிருந்தான். அதை நான் நாலைந்து தடவை போட்டுக் கேட்டேன்.

தேவசகாயத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கோவளத்துக்காரர். எங்கள் பக்கம் கேபிள் டி.வி.க்கு ஆரம்பத்திலிருந்து அவர்தான் வருவார். இப்போது யாரும் டி.வி. பார்ப்பதில்லை, வீட்டுக்கு வீடு இணைப்பைத் துண்டிக்கிறார்கள். செட்டாப் பாக்ஸ்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவதுதான் அவருடைய வேலை என்று ஆகிவிட்டது. ஒரு சாக்குமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். வேலை நாளில் மதியம்தான் வருவார், அதனால் ஆபீஸ் போகிறவர்கள் அவரைப் பார்த்ததே குறைவு. அன்று மதியம் எங்கள் வீட்டுக்கும் வந்தார். நானும் பெட்டியைக் கொடுத்துவிடுவதென்று முடிவு செய்திருந்தேன்.

"இன்னா சார், நீங்களுமா? இந்தத் தெருவுல நீங்க ஒருத்தர்தான் பாக்கி கீறீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

என் மனைவி அவருக்கு மோர் கொடுத்தாள். அவர் குடித்துக்கொண்டிருக்கும்போது, நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பதற்கும் தனித்தனியாகப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்கு விளக்கினேன். நல்ல விஷயம், யோசித்து வைத்திருந்தேன். நடுவில் அவர் ஃபோன் சிணுங்கியது. "ஒரு நிமிசம் சார்" என்று திரும்பி நின்று எதையோ பார்த்துச் சிரித்தார். "பேத்தி, சார். ஷூ போட்டுக்கினு இன்னாமா ஆடுது பாருங்க" என்று எனக்கும் காட்டினார். பார்த்தேன். பெட்டியை மூட்டையில் போட்டுக்கொண்டு, "வரேன் சார்" என்று போய்விட்டார். நான் பாதியில் நின்றிருந்தேன். அதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தமில்லை.

பால்கனிக்கு வந்தபோது அவர் தெருவில் நின்று சம்பத்தின் மகள் மதுவந்தியிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று கேட்டிருப்பார். தோளில் மூட்டை, குனிந்த தலை, சைக்கிளோடு குழந்தை. நல்ல வெளிச்சம். படம் எடுத்தேன்.

உடனே போடவில்லை. வேலை விடுகிற நேரம்வரை காத்திருந்தேன். படத்துக்குக் கீழே எழுதியது உங்களிடம் இருக்கிறது. 'இவரை யாருக்காவது தெரியுமா? நம் குழந்தைகளிடம் பேசிக்கொண்டிருந்தார். தோளில் சாக்குமூட்டை. கோவளம் பக்கம் குழந்தைகள் காணாமல் போவதாக வரும் செய்தியோடு சேர்த்துப் பார்க்கவும்.' திரும்பத் திரும்பப் படித்துப் பாருங்கள், மேடம், ஒரு பொய் கிடையாது. பேசிக்கொண்டிருந்தது உண்மை. மூட்டை உண்மை. அப்படி ஒரு செய்தி எனக்கு எங்கிருந்தோ வந்ததும் உண்மை. முதல் வரி வெறும் கேள்வி. குழந்தையின் முகத்தை மறைத்துப் போட்டிருக்கலாம். மறைத்திருந்தால் சம்பத் வழக்கம்போல் ஒரு கட்டைவிரல் போட்டிருப்பார்.

பஸ்ஸில் இருந்தே பதில்கள் வர ஆரம்பித்தன. சம்பத் தன் மனைவிக்கு ஃபோன் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தம்மா ஃபோனை சார்ஜில் போட்டுவிட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை டியூஷனில் இருந்தது. இதெல்லாம் பஸ்ஸில் இருந்தவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொன்னதுதான்.

தேவசகாயம் கோவளம் பஸ் பிடிக்க எங்கள் நகர் ஆர்ச்சுக்குக் கீழேதான் நிற்பார். ஆபீஸ் பஸ் வந்து நிற்பதும் அங்கேதான். அது எனக்குத் தெரியுமா என்று நேற்று கேட்டீர்கள். தெரியும். சட்டை மாற்றிக்கொண்டு முன்னதாகவே போய் எதிர்ப்புறம் நின்றேன்.

பஸ் முழுசாக நிற்பதற்குள் குதித்தார்கள். கலையரசன்தான் முதலில் கையை வைத்தான். "மூட்டைல இன்னாடா கீது?" என்று கேட்டான், ஆனால் பதில் சொல்ல விடவில்லை. காதோடு சேர்த்து அறைந்ததில் தேவசகாயம் ஆர்ச் தூணில் போய் மோதினார். பிறகு யார் யார் என்று சொல்வது கஷ்டம். எல்லாரும் ஆபீஸிலிருந்து வருகிறவர்கள், கையில் ஆயுதம் ஏது? சாப்பாட்டுப் பைதான் இருந்தது. சம்பத் தன் டிஃபன் கேரியரைப் பையோடு சுழற்றி முகத்தில் அடித்தார். எவர்சில்வர், நாலு அடுக்கு. முன்பற்கள் போயின. அவர் ஒரு ஈ எறும்பை மிதித்து நான் பார்த்ததில்லை. இறங்காதவர்கள் பஸ் ஜன்னலிலிருந்து வீடியோ எடுத்தார்கள். விழுந்தவரின் கையை யாரோ ஷூவால் மிதித்து நின்றார்கள், விரல் முறிகிற சத்தம் எதிர்ப்புறம்வரை கேட்டது.

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். ஒரு கண் ஏற்கனவே மூடிப்போயிருந்தது. "சார், சாரு, நீங்க சொல்லுங்க சார்" என்றார். வாயில் ரத்தம் இருந்ததால் குழறியது, ஆனாலும் எல்லாருக்கும் புரிந்தது.

அடி நின்றது. கலையரசன் திரும்பினான். "சார், இவன உங்களுக்குத் தெரியுமா?"

அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது, மேடம். ஒருவர் காதிலும் ஒயர் இல்லை. பஸ்ஸில் நான் நின்று பேசியபோது இருந்த அதே அமைதி. பையிலிருந்த மோர் டப்பா உடைந்து சம்பத்தின் பேண்ட்டில் சொட்டிக்கொண்டிருந்தது, அவர் துடைக்கக்கூட இல்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நம்ம கேபிள்காரர்தானே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். அவர் இன்று உயிரோடு இருப்பார். ஆனால் அப்புறம் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். சார் தெரிந்துகொண்டே போட்டாரா என்று கேட்பார்கள். பிறகு நான் எதை எழுதினாலும் யார் படிப்பார்கள்? ஃபேனைப் பற்றிப் படிப்பார்களா? இவ்வளவையும் நிதானமாகவே யோசித்தேன். அதுவரை அவர்கள் காத்திருந்தார்கள். அந்த நேரம் இன்னும் கொஞ்சம் நீளாதா என்று இருந்தது.

"தெரியாது" என்றேன்.

தேவசகாயம் அதற்குப் பிறகு யாரையும் கூப்பிடவில்லை. சம்பத் கேரியரைப் பையிலிருந்து உருவி, இரண்டு கையாலும் பிடித்து, தலைக்கு மேல் தூக்கி இறக்கினார். மூன்றாவது அடியில் அடுக்குகள் கழன்று சாலையில் உருண்டன. கலையரசன் கழுத்தின் மேல் காலை வைத்தான். குதிகால் இரண்டு தடவை தரையில் உதைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

மூட்டையை அதற்குப் பிறகுதான் அவிழ்த்தார்கள். பெட்டிகளும் ரிமோட்களும் கொட்டின. எங்கள் வீட்டுப் பெட்டி மேலாக இருந்தது. போன சரஸ்வதி பூஜைக்கு என் மனைவி வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே ஒட்டியிருந்தன. ஒவ்வொருவராகப் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். நான் அந்தப் பெட்டியை எடுத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை, ஃபோன் அதிர்ந்துகொண்டே இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டியின் நம்பரை வைத்துத்தான் நீங்கள் என் பெயருக்கு வந்தீர்கள். நல்ல வேலை செய்தீர்கள்.

என் மனைவி குழுவை மியூட்டில் போட்டு வைத்திருக்கிறாள் என்று உங்கள் மூலமாகத்தான் தெரிந்தது. மோர் கொடுத்தவள் அவள். படத்தைப் பார்த்திருந்தால், இவர் நம்மாத்துக்கு வந்தவராச்சே என்று அப்போதே போட்டிருப்பாள். பார்க்கவில்லை. இதில் அவளுக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. எழுதிக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன். அவரைத் தெரிந்துதான் போட்டேன், தெரிந்துதான் தெரியாது என்று சொன்னேன். கேரியர் சம்பத்துடையது, கொன்றது நான். இப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இவ்வளவு நேரம் ஃபோனைத் தொடாமல் நான் சொன்னதைக் கேட்டீர்கள், அதற்கு நன்றி.

ஒரே ஒரு உதவி. என் ஃபோன் உங்கள் மேஜை டிராயரில் இருக்கிறது. நீங்கள் என்னைத் தேடி எங்கள் வீட்டுக்கு வருவதற்குச் சற்று முன்னால் குழுவில் ஒன்று எழுதினேன். தேவசகாயத்துக்கு அஞ்சலி, கூடவே வதந்திகளை நம்பி மனிதர்கள் எப்படி மிருகமாகிவிடுகிறார்கள் என்று கொஞ்சம் நீளமாக. மனசு விட்டு எழுதியது, நான் எழுதியதிலேயே அதுதான் நன்றாக வந்திருக்கிறது. அதை எத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.