துண்டு அட்டையும் சிஸ்டர் கேட்ட கேள்வியும்

மேடையில் வீற்றிருக்கும் டாக்டர் வேங்கடசுப்ரமணியன் அவர்களே, வீடு வீடாக நடக்கும் சுகாதாரத் தொண்டர் சகோதரிகளே, தாராவித் தமிழ்ச் சொந்தங்களே, உங்கள் மெடிக்கல் கடை முகைதீனின் வணக்கமும் ஸலாமும்.

இந்த இரங்கல் கூட்டத்தில் முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொள்கிறேன். நம் நர்ஸ் சிஸ்டர் சொர்ணம்மாள் தெருமுனையில் வருவது தெரிந்தால் நான் கவுண்டருக்கு அடியில் உட்கார்ந்துகொள்வேன். ஐம்பது வயது மனிதன். அவரும் விடமாட்டார். "வழுக்கை விழுந்த பெருச்சாளியை இன்னைக்குத்தான் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு அமர்வார்.

ஏன் ஒளிந்தேன்? நம் சந்துகளில் டாக்டர் சீட்டோடா மருந்து வாங்குகிறோம்? ஒரு வீட்டுக்கு எழுதிய மாத்திரை அட்டையின் மூலையை வெட்டி அடுத்த வீட்டுக்குக் கொடுப்போம். அந்தத் துண்டைக் காட்டினால் அஞ்சாம் வகுப்பு மட்டுமே படித்த இந்த முகைதீன் நாலு மாத்திரை எடுத்துத் தருவான். அதைக் கெடுக்கவே வந்தவர் சிஸ்டர்.

ஒருநாள் இசக்கிசெல்வி அட்டைத் துண்டோடு வந்தாள்.

"யாருக்குட்டி?" என்றார் சிஸ்டர்.

"எனக்குத்தான். நீர்க்கடுப்பு. பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதுல கேட்டுச்சு."

"எத்தனை மாசம்?"

"ஆறு."

கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். பரிசோதித்து, வேறு ஆன்டிபயாட்டிக் எழுதினார்கள். கடைசி மாத்திரை வரை சிஸ்டர்தான் தினமும் போய்ப் பார்த்தார். "டாக்டர் குடுத்ததை ஒண்ணு கொறையாம முழுங்கணும். முகைதீன் குடுத்ததைத் தொடப்பிடாது" என்று என் முன்னாலேயே சொன்னார். இன்று அவளும் பிள்ளையும் முதல் வரிசையில் இருக்கிறார்கள்.

வியாபாரம் போனதற்காக மட்டுமா ஒளிந்தேன்? இல்லை. என்னிடம் அவருக்கு வேறொரு கேள்வியும் இருந்தது.

மதீனா பீவி, கடைசி வரிசையில் நீயும் நம் மகள் ஜுவைரியாவும் இருக்கிறீர்கள். அவள் உன் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது உனக்குச் சளி பிடித்தது. டாக்டர் தந்தது என்று சொல்லி ஆன்டிபயாட்டிக் மாத்திரை ஒன்று கொடுத்தேனே, அது யாரோ திருப்பிக் கொடுத்த மிச்சம். எந்த டாக்டரும் தரவில்லை. மூன்று வயதில் பிள்ளைக்கு வீசிங் வந்தது. இன்றும் மழைக்காலத்தில் இன்ஹேலர் இல்லாமல் அவள் வெளியே போவதில்லை.

"என்னாலயா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? அப்படிச் சாப்பிட்டவங்க பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதலா வருதுன்னு சில ஆராய்ச்சில இருக்கு. மாத்திரையாலயா, வந்த நோயாலயா, இந்தப் பட்டறைப் புகையாலயா, உறுதியாச் சொல்ல ஆளில்ல. அது கிடக்கட்டும். மதீனாட்ட சொன்னியா?"

பதினாறு வருடம் அதே கேள்வி. "சொன்னியா?" வடாலாவில் ஒற்றை அறையில் தனியாக வாழ்ந்தவர், ஒருவரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை போய்விட்டார். கடைக்கு ஆட்கள் வருகிறார்கள். என்னை முழுசாகத் தெரிந்தவர் ஒருவரும் வருவதில்லை. அவர் வரும் பதினோரு மணி ஆனால் தெருமுனையைப் பார்க்கிறேன். யாருக்குப் பயந்து நான் ஒளிவேன்?

இன்று சொல்லிவிட்டேன், சிஸ்டர். இனி துண்டு அட்டைக்கு என் கடையில் மாத்திரை கிடையாது. யாருக்கு, எத்தனை மாதம் என்று நானே கேட்பேன். திட்டுபவர்கள் திட்டட்டும்.

மதீனா, இவ்வளவு கேட்டும் நீ முகம் மாறாமல் அமர்ந்திருக்கிறாய். அது எனக்குப் பெரிய தைரியம்.

மைக்செட் பிச்சையா அண்ணன் கையைக் காட்டுகிறார். என்ன அண்ணே?

பின்பக்க ஸ்பீக்கரின் ஒயர் பிடுங்கிக்கொண்டு கிடந்ததாம். என் வீட்டுக்காரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதிலிருந்து கடைசி வரிசையில் ஒன்றும் கேட்கவில்லையாம். இப்போது மாட்டிவிட்டார். அந்த இடத்திலிருந்து மறுபடியும் சொல்கிறேன்.