நெலிதாவின் மாத்திரையை நான் எடைபோட்ட விதம்

நான் சொல்லப்போகும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. வழக்கமாக இதற்கு என் அம்மாவின் கல்லறை மீது சத்தியம் செய்வேன். ஆனால் நான் பிடித்த மீன்களின் நீளத்துக்காக அந்தக் கல்லறையை இந்த ஊரில் ஏற்கெனவே நிறையப் பயன்படுத்திவிட்டேன். ஆகவே நான் வேலை பார்த்த நம் சால்தோ மாட்டுச் சந்தையின் எடைமேடை மீது சத்தியம். அதன் மேல் நின்று பொய் சொன்னவர் எவரும் இல்லை, மாடுகளைத் தவிர.

மாடுகள் பொய் சொல்லும், இன்ஸ்பெக்டர் ஐயா. உங்கள் அப்பாவைக் கேட்டால் சொல்வார். உப்பை நக்கவிட்டு, வயிறு முட்டத் தண்ணீர் காட்டி மேடையில் ஏற்றினால், ஒரு மாடு தன்னைவிடப் பெரிய மாடாக நிற்கும். அதனால்தான் சந்தையில் மாட்டைப் பட்டினி போட்டு, போலிக் கனமெல்லாம் இறங்கிய பிறகே எடைபோடுவோம். ஒரு காளை அப்படி நின்று நின்று இளைத்து, கடைசியில் கயிறு மட்டும்தான் மிஞ்சியது. கயிற்றை எடைபோட்டு விற்றோம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எடைபோடாமல் நான் எந்தக் காரியமும் செய்தவனில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆரஞ்சுப் பறிப்பு முடிகிற சமயத்தில் என் மனைவி நெலிதாவுக்குப் பாம்பு வந்தது. அக்கிதான், எங்கள் பக்கத்தில் அதற்குப் பாம்பு என்று பெயர். முதுகில் தொடங்கி விலாவைச் சுற்றிக் கொப்புளம் கொப்புளமாக ஊர்ந்து வரும். தலையும் வாலும் முன்பக்கத்தில் சந்தித்துக்கொண்டால் ஆள் அவ்வளவுதான் என்பார்கள். நான்தான் அவளை மந்திரிக்கிற சிக்ஸ்தாவிடம் கூட்டிப்போனேன். சிக்ஸ்தா மைப்பேனாவை எடுத்து, பாம்பின் தலைக்கும் வாலுக்கும் நடுவே ஒரு ஜெபத்தைத் தலைகீழாக எழுதினாள். உயிருள்ள தேரை ஒன்றின் வயிற்றைக் கொப்புளத்தின் மேல் தேய்த்தாள். பாம்பின் விஷத்தைத் தேரை வாங்கிக்கொண்டு செத்துவிடும் என்றாள். அடுத்த வாரம் பார்த்தேன், அதே தேரை அவள் வீட்டு வாசலில் ஈ பிடித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் பருத்துமிருந்தது.

ஒருவழியாக மருத்துவமனைக்குப் போனபோது டாக்டர் மெனோனி அம்மாள் மையைப் பஞ்சால் துடைத்தபடியே சொன்னார்: "இதை எழுதி முடிச்ச நேரத்துல நான் மருந்து குடுத்திருப்பேனேம்மா. முதல் ரெண்டு மூணு நாளுக்குள்ள வந்திருக்கணும்."

கொப்புளம் காய்ந்தது. வலி காயவில்லை.

அது எப்படிப்பட்ட வலி என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தோலில் ஒன்றுமே தெரியாது. ஆனால் துணி பட்டால் தீ. விசிறிக் காற்று பட்டால் தீ. பழைய பறவைக்கூண்டை அறுத்துக் கம்பியை வளைத்து, சட்டை விலாவைத் தொடாதபடி அவளுக்கு ஒரு கூடு செய்துகொடுத்தேன். அதை மாட்டிக்கொண்டு சமையலறையில் நிற்பாள். எங்கள் கல்யாணத்தில் பாட்டுப் பாடி ஆடியவள், உருளைக்கிழங்கை உரிக்கும்போது மூச்சைக்கூட மேலோட்டமாக விடுவாள், விலா விரியக் கூடாது என்று.

மதியச் சாப்பாடு ஆனதும் சால்தோவில் நாய்கூடத் தூங்கும். நெலிதாவால் படுக்க முடியாது. ஜன்னலை அடைத்து, இருட்டிய அறையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பாள். எதிரே நான். என்னால் ஆனதைச் செய்தேன், கதை சொன்னேன்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் கதை ஒன்றையும் முடிக்கவிட்டதில்லை. விருந்தாளி முன்னாலேயே, "போன தடவ அந்த மீனு முழங்கை நீளம்தானே இருந்துச்சு, கிழவா? தொட்டியில வச்சு வளத்தியா?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். கதை செத்துவிடும். ஆனால் அந்த மதியங்களில் அப்படி இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், கண் சிமிட்டாமல். குறுக்கே ஒரு சொல் கிடையாது. என் உதடு நின்றால் மட்டும், "சொல்லு" என்பாள்.

எனக்கு எழுபத்தொன்று ஆகிறது. என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு டாக்டர் அந்த மாத்திரையைக் கொடுத்தார். மனச்சோர்வுக்கான மாத்திரை என்றதும் நெலிதாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எனக்கென்ன டாக்டர் சோர்வு? இந்த ஆளோட இத்தன வருசம் குடும்பம் நடத்தியே வரல. இனிமேலா வரப்போகுது?"

டாக்டர் சிரித்தார். "உங்க மனசுக்கு இல்லம்மா, நரம்புக்கு. புண்ணு ஆறினது அதுக்குத் தெரியல, இன்னும் கத்திக்கிட்டே இருக்கு. கொஞ்ச அளவுல குடுத்தா இந்த மாத்திரை அந்தக் கத்தலக் குறைக்கும். எல்லாருக்கும் பலிக்காது. பலிச்சாலும் வலி முழுசாப் போகாது, பாதி போனாலே நாம ஜெயிச்சோம். சில வாரம் பொறுக்கணும். வாய் வறளும், மலச்சிக்கல் வரும், தூக்கம் தூக்கமா இருக்கும். இந்த வயசுல எந்திரிக்கிறப்ப தலை சுத்தி விழுந்துரக் கூடாது. இதயத்த ஒரு தடவ பாத்துட்டுத்தான் ஆரம்பிப்பேன். நடுவுல நீங்களா நிறுத்தக் கூடாது."

"வறண்டா தண்ணி குடிக்கிறேன். விழுந்தா எந்திரிக்கிறேன். ஒரு சட்டை போட்டுக்கணும் டாக்டர். சும்மா ஒரு சட்டை. அவ்வளவுதான் நான் கேக்குறது."

அவளுக்குச் சின்ன எழுத்து கண்ணுக்குத் தெரியாது. தினமும் சாயங்காலம் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. சத்தியமாக, அந்த வாரங்களில் ஒரு நாளும் தவறாமல் கொடுத்தேன். பலித்தது. கூடு ஆணியில் தொங்கியது. நீலப்பூப் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் கண்ணாடி முன் நின்றாள். பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நின்று, வருகிறதா என்று காத்திருந்து, பிறகு அடுத்ததைப் போட்டாள். "பாதி இருக்கு," என்றாள், "அந்தப் பாதிய நான் பாத்துக்குவேன்." ஒரு வருடம் கழித்து அன்றுதான் மார்க்கெட்டுக்குப் போனாள், மீன்காரனோடு சண்டை போட்டுவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

மதியத்தில் தூங்கினாள்.

சுருபி மீன் ஒன்று என்னையும் படகையும் ஆற்றின் குறுக்கே எதிர்க்கரையிலுள்ள கொன்கோர்தியா வரை இழுத்துப்போய், அர்ஜென்டீனாச் சுங்கத்தில் என்னை ஒப்படைத்துவிட்டுத் திரும்பிய கதையை ஆரம்பித்தேன். என்னுடைய மிகச் சிறந்த கதை அது. மீன் தூண்டிலைக் கவ்வுவதற்கு முன்பே குறட்டை வந்துவிட்டது.

அப்போதுதான் எடைபோட உட்கார்ந்தேன். மாத்திரைப் பெட்டியில் இருந்த காகிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பலனைப் பற்றி அதில் ரெண்டு வரி. அபாயத்தைப் பற்றி ஒரு முழம். ஒரு தட்டில் சட்டை, மார்க்கெட், தூக்கம். மறு தட்டில் வறண்ட வாய். அது இருந்தது, நாள் முழுவதும் எலுமிச்சைத் துண்டைச் சப்பினாள். எழுந்திருக்கும்போது ஒருமுறை மேசையைப் பிடித்துக்கொண்டாள், நான் பார்த்தேன். அவளுடைய அத்தை இடுப்பு உடைந்துதான் போய்ச்சேர்ந்தாள். பிறகு மயக்கம், கவனக்குறைவு. கவனக்குறைவு என்று காகிதத்திலேயே போட்டிருந்தது. சுருபிக் கதையின்போது அதை நான் நேரில் கண்டேன். யோசித்துப் பாருங்கள், பொறுப்புள்ள கணவன் எந்தப் பக்கம் சாய்வான்?

டாக்டரிடம் கேட்டிருக்கலாம் என்கிறீர்கள். டாக்டர் எடைபோடுகிறவர் இல்லை, ஐயா. மருந்து எழுதுகிறவர்.

சோள மாவைப் பிசைந்து, பேனா மூடியால் அழுத்தி வெட்டி, தகரக் கூரையில் காயவைத்தேன். முதல் தடவை கொண்டைக்கடலை அளவில் வந்தது. இரண்டாம் தடவை சரியாக அமைந்தது. உண்மையான மாத்திரைகளைக் கோழிகளுக்குப் போட்டேன். கோழிகள் ஒன்றையொன்று கொத்துவதை விட்டன. சேவல் ஒரு வாரம் கூவவே இல்லை. வேலியோரம் நின்று அர்ஜென்டீனாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நெலிதாவுக்கு முதலில் குமட்டல், தலைவலி. பிறகு ஒரு காலையில் சட்டையின் மூன்றாவது பொத்தானில் கை நின்றது. அவிழ்த்து, மடித்து, கட்டிலின் மேல் வைத்துவிட்டுக் கூட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

டாக்டர் அளவைக் கூட்டினார். நான் மாவைக் கூடுதலாகப் பிசைந்தேன். மறுபடி போனோம்.

"சில பேருக்கு இது பலிக்கிறதில்லம்மா," என்றார் டாக்டர்.

"பலிச்சுதே," என்றாள் நெலிதா. "எனக்குப் பலிச்சுதே டாக்டர். சட்டை போட்டேன். மார்க்கெட் போனேன், நீங்க யார வேணாலும் கேளுங்க. இப்ப ஏன் பலிக்கல? நான் என்ன தப்புப் பண்ணேன்?"

அதிலிருந்து அந்தத் தப்பைத் தேட ஆரம்பித்தாள். காலையில் குடிக்கிற கசப்பு மாத்தேவை விட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு வாய் ஒயினை விட்டாள். மாத்திரையைப் பாலோடு விழுங்கிப் பார்த்தாள், நின்றுகொண்டு விழுங்கிப் பார்த்தாள், ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு விழுங்கிப் பார்த்தாள். என் கையிலிருந்து மாவுருண்டையை வாங்கும்போது அதற்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வாயில் போட்டுக்கொள்வாள். சிக்ஸ்தாவிடம் திரும்பவும் போய், "மொதல்ல எழுதுனத அழிச்சதாலயா?" என்று கேட்டாள். "இருக்கும்," என்றாள் சிக்ஸ்தா. அவள் எப்போதும் அப்படித்தான்.

"என்னை இந்தத் தோல்லருந்து உரிச்செடுத்துரு கிழவா," என்றாள் ஒருநாள் என்னிடம். "மாட்டுச் சந்தையில அத்தன பேரு உனக்குப் பழக்கம். ஒரு ஆளு இருக்க மாட்டானா?"

அன்று மதியம் சுருபிக் கதையை முழுதாகச் சொன்னேன். சுங்க அதிகாரியின் மீசை வரைக்கும். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்தபோது அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. சொல்கிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இலையுதிர் காலம் முழுவதும் அப்படிப் போனது. குளிர் தொடங்கிய பின் ஒரு மதியம் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் தூங்கிவிட்டேன். என் கதையில் நானே தூங்கியது அந்த ஒரு தடவைதான். விழித்தபோது நாற்காலி காலி. கூடு தரையில் கிடந்தது.

வாஷிங்டன் என்ற மீனவன்தான் அவளைப் பார்த்தான். ஆற்றில் நெஞ்சு வரை தண்ணீரில் நின்றிருந்தாளாம், உள்பாவாடையோடு. அவன் படகிலிருந்து, "என்ன நெலிதாம்மா, குளிக்கிற காலமா இது?" என்று கேட்டிருக்கிறான்.

"இங்க எரியலப்பா," என்றாளாம், படகைக் கண்டதும். "இன்னும் கொஞ்சம் உள்ள போனா எரியவே எரியாது."

அவன் படகை விட்டு இறங்கி அவள் கையைப் பிடித்தான். அதற்கு அவள், "விடுப்பா, நனைஞ்சுருவே," என்றாளாம்.

மருத்துவமனையில் படுக்கவைத்தார்கள். அங்கே மாத்திரையைத் தாதிகள் கொடுத்தார்கள். பழைய மாத்திரைதான், குறைந்த அளவிலிருந்துதான். பையிசாந்துவிலிருந்து அவள் அக்கா ஒஃபெலியா வந்து பக்கத்திலேயே இருந்தாள். சில வாரம் கழித்து நெலிதா போர்வையைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினாள். போர்வை, ஐயா. விலாவின் மேல். டாக்டர் மெனோனி கட்டிலருகே நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அதே மாத்திரை. வீட்டுல பலிக்கல, இங்க பலிக்குது. வீட்டுல யாரு எடுத்துக் குடுத்தது, அர்தேமியோ?"

"நான்தான்," என்றேன். நான் பொய் சொல்வதில்லை.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். கூரையிலிருந்த மாவுருண்டைகளை உங்கள் ஆள்தான் பொறுக்கினார். நான் எதையும் மறுக்கவில்லை. பலன் தந்துகொண்டிருந்த மருந்தை, தெரிந்தே, அவளுக்குத் தெரியாமல் நிறுத்தினேன். அவள் துடித்ததைத் தினமும் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். தப்பு தன்னுடையது என்று அவள் நம்பியபோது, இல்லை என்று சொல்லவில்லை. ஆற்றுக்குப் போகிறவரை சொல்லவில்லை. ஒஃபெலியா அவளைப் பையிசாந்துவுக்குக் கூட்டிப்போகிறாள், அவள் திரும்ப மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் இதையும் எழுதுங்கள். அந்த மாதங்களில் அவள் தனியாக இல்லை. எந்த மாத்திரையும் தராத ஒன்றை நான் அவளுக்குத் தந்தேன். என்னிடமிருந்த கதைகளை எல்லாம், ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் தந்தேன். அவளும் ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்டாள். ஊரில் யாருக்கும் அப்படியொரு மதியம் வாய்த்திருக்காது.

சேர்க்க வேறென்ன இருக்கிறது என்கிறீர்களா? ஒன்றே ஒன்று, அதுவும் நேற்று ஒஃபெலியா சொல்லித்தான் எனக்கே தெரியும். நெலிதா கடந்த ஆறேழு வருடமாகவே, மதியச் சாப்பாடு முடிந்ததும் காதுக் கருவியைக் கழற்றிச் சாப்பாட்டு அலமாரியில் வைத்துவிட்டுத்தான் அறைக்குள் வருவாளாம். அது இல்லாவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவளுக்குக் கேட்காதாம்.