இன்னொரு யாழினி

— பொலிசுக்கு வந்து அழுதா சரிவருமா அக்கா? செல்லுங்க, நான் சிங்களத்துல இன்ஸ்பெக்டர் மாத்தயாக்கு வெளங்கப்படுத்தோணும். புடிச்சு வெச்சீக்கிற ஒங்கட மகள்ட பேரு, யாழினி எண்டா என்ன?

— யாழ் எண்டால் வீணை மாதிரி ஒரு பழைய வாத்தியம், பஹ்மியா. யாழ் மாதிரி இனிமையான பிள்ளை எண்டு அர்த்தம். தகப்பன் ஆசையா வைச்ச பேர்.

— வாப்பா எங்கண்டு கேக்கிறாரு.

— கொக்குவிலில ஷெல் விழுந்து செத்துப்போனார். அதுக்குப் பிறகுதானே இவளைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில உங்கட மேல்மாடியில இருக்கிறன். சொல்லுங்கோ.

— வாத்தியம் கீத்தியம் வேணாமாம். யாழ் எண்டா யாழ்ப்பாணம் தானே எண்டு கேக்கிறாரு. யாழினி எண்டு ஒரு இயக்கக்காரி கொழும்புக்குள்ள பூந்தீக்காளாம். தகவல் வந்தீக்காம்.

— அது ஊர் முழுக்க வைக்கிற பேர். தூய தமிழ்ப் பேர் வேணும் எண்டு சனம் தேடித் திரிஞ்ச காலம். இவளின்ர வகுப்பில ரீச்சர் யாழினி எண்டு கூப்பிட்டால் அரைவாசிப் பேர் எழும்புவினம்.

— செல்லிட்டேன். செல்லாம ஈந்தீக்கலாம் அக்கா.

— ஏன்?

— அவ்வளவு பேர் ஈந்தா, கொழும்புல ஈக்கிற இன்னொரு யாழினியக் காட்டட்டுமாம். காட்டினா ஒங்கட மகள உடுவாராம். இல்லாட்டி இண்டைக்கே வேற எடத்துக்கு அனுப்புவாராம். அங்க போனா நாங்க பாக்கேலா.

— கடவுளே.

— அக்கா, நம்மட கீழ் ரூம் நாகேஸ்வரிட மகள்ட பேரும்...

— வேண்டாம், பஹ்மியா. இவளுக்குத் துணையா ரியூசனுக்குப் போற பிள்ளை அது.

— ஒங்கட புள்ளையப் பாருங்க. அந்த வாங்குப் பலகையில ஈந்து ஒங்களையே பாக்குது.

— பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்.

— அம்மா, நீங்கள் வீட்டை போங்கோ.

— நீ கதையாதை பிள்ளை.

— மாத்தயா மணியப் பாக்கிறாரு அக்கா. என்னண்டு செல்ல?

— இவளின்ர அடையாள அட்டையில என்ன பேர் கிடக்கு எண்டு கேளுங்கோ.

— யாழினி எண்டுதான்.

— இயக்கத்தில வைக்கிற பேர் அட்டையில இருக்குமோ எண்டும் கேளுங்கோ.

— ஈக்காதாம். அது அவருக்கும் தெரியுமாம். அதுக்கு என்னங்கிறாரு.

— இந்தாங்கோ என்ர அட்டை. வாசிக்கச் சொல்லுங்கோ.

— ஜெகதீஸ்வரி எண்டு வாசிக்கிறாரு. இது என்னத்துக்கு அக்கா?

— அவர் தேடுற யாழினி நான்தான் எண்டு சொல்லுங்கோ.