வலது கையில் ஏறிய காய்ப்பு

மாலை ஏழரை மணி. மழை அப்போதுதான் விட்டிருந்தது. லிங்கராஜபுரத்தில் ரயில் பாதையை ஒட்டி ஒரு சந்து போகிறது... ஒரு பக்கம் ரயில்வே சுவர், இன்னொரு பக்கம் பூட்டிய கிடங்குகள். தெருவிளக்கு ஒன்றுதான், அதுவும் எரிந்து எரிந்து அணையும். அந்தச் சந்தில் ஒரு மனிதர் தனியாக நடந்து வருகிறார். இரண்டு கையாலும் ஒரு கிடாரைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். உறை கிடையாது. மேலே மரத்திலிருந்து மழைச்சொட்டு கம்பிமேல் விழுகிறது. டிங்... கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை... மறுபடி டிங்.

கொஞ்சம் இருங்கள். அந்த வேன் ஜன்னலை யாராவது சாத்துங்கள். டிரைவர் பஞ்சர் டயரை உருட்டிக்கொண்டு போயிருக்கிறான், இப்போதைக்கு வரமாட்டான். கிறிஸ்துமஸ் கேரல் பாட இன்னும் வீடுகள் பாக்கி இருக்கின்றன என்று நீங்கள் புலம்பினாலும் வேன் நகராது. டேரில், பழைய சாமான் கடையில் கிடார் வாங்கி மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்கிறாயே, உன்னால்தான் இந்தக் கதை வாய்க்கு வந்தது.

"ஜோவிதாக்கா, கேரலுக்கு வந்த இடத்துல பேய்க் கதையா?"

"புடிக்கலன்னா எறங்கி நடந்து போ. நானா கூப்ட்டேன்?"

பாருங்கள், ஒருத்தரும் இறங்கவில்லை.

அந்த மனிதர் பெயர் டென்சில். என் சிநேகிதி அல்போன்சாவின் அண்ணன். ஃபாக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். வாலிப வயதில் இந்தப் பக்கத்தில் அவர் கிடார் வாசிக்காத கல்யாணம் கிடையாது. பிறகு நைட் ஷிஃப்ட், குழந்தை, வாடகை வீடு மாற்றுவது என்று கிடார் கைவிட்டுப் போயிற்று. முப்பது வருடம் தொடவே இல்லை.

அவர் மனைவி பிலோமினா. தங்கமான பொம்பளை. அவர்கள் கல்யாண ரிசப்ஷனில் வாசிப்பதற்காக டென்சில் தானே ஒரு மெட்டுப் போட்டிருந்தார். அதற்கு வார்த்தையும் இல்லை, பேரும் இல்லை. அந்த இரண்டு பேரைத் தவிர வேறு யாருக்கும் முழுசாகத் தெரியாது. பிலோமினா வெங்காயம் நறுக்கும்போது அதைத்தான் மூக்காலேயே முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம்.

"சோஃபி கல்யாணத்துல அதை ஒரு தடவ வாசிங்க. நான் எப்படியாச்சும் வந்து கேட்டுக்கறேன்."

சோஃபியா அவர்கள் ஒரே மகள். பிலோமினா போய் சில வருடம் கழித்து அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. டென்சிலுக்கு வேறு நினைப்பே இல்லை. அந்த ஒரு மெட்டை வாசிக்க வேண்டும். பிலோமினா வருவாள். இதை அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பினார்.

அன்று மாலை அந்தச் சந்தின் கோடியில் ஒரு வீட்டு வாசலில் இந்தக் கிடார் சாய்ந்திருந்ததைப் பார்த்தார். வீட்டுக்காரி சந்திரம்மா. 'விலைக்குத் தருவீர்களா?' என்று கேட்டிருக்கிறார்.

"குடியிருந்த ஆளுதுப்பா. அவன் இல்ல இப்போ. காசு கீசு வேணாம், நீ எடுத்துட்டுப் போ. சீக்கிரம் எடுத்துட்டுப் போ."

இனாமாகக் கிடைத்ததே என்று மனுஷன் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டார். சந்து முனையில் திரும்பிப் பார்த்தபோது அந்த அம்மாள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள். கிடார் சாய்ந்திருந்த சுவரையும் சேர்த்துக் கழுவினாள். மழை பெய்து ஏற்கெனவே நனைந்த வாசல். அதை எதற்குக் கழுவ வேண்டும்? சாவு எடுத்த வீட்டில்தான் அப்படிக் கழுவுவார்கள். டென்சிலுக்கு அது அப்போது உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து விளக்கில் பார்த்தால், கம்பிகள் தலைகீழாக இருக்கின்றன. டேரில், இவர்களுக்குக் கொஞ்சம் காட்டு. பார்த்தீர்களா? தடிமனான கம்பி மேலே, மெல்லிசு கீழே. இடது கையால் அழுத்துவோம், வலது கையால் மீட்டுவோம். அந்தக் கிடாரில் எல்லாம் எதிர்மாறு. பழைய சொந்தக்காரன் இடது கைப் பழக்கக்காரன் போலிருக்கிறது, வலது கையால் அழுத்தியிருப்பான். கிடாரில் துரு வாடையும் நீலகிரித் தைல வாடையும் கலந்து அடித்தது.

இங்கேதான் மனுஷன் அவசரப்பட்டார். கம்பியைக் கழற்றிப் புதுசு வாங்கிப் போட்டிருக்கலாம். மழை, கடையெல்லாம் சாத்தியாயிற்று. ஆசை விடுமா? அந்தப் பழைய கம்பிகளையே ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தன் கைக்குத் தக்கபடி மாற்றிப் போட்டார். ஒரு கம்பி அவர் வலது கை விரலைக் கீறிவிட்டது. வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு மேலே வேலையைப் பார்த்தார்.

காலையில் எழுந்து பார்க்கிறார்... கம்பிகள் பழையபடி தலைகீழாக இருக்கின்றன.

"நீங்க மாத்தவே மறந்திருப்பீங்கண்ணா" என்றாள் அல்போன்சா. அவரும் அப்படித்தான் நினைத்தார். மறுபடி மாற்றினார். மறுநாள் காலையும் அதே கதை. புதுக் கம்பி வாங்கிப் போட்டும் அதே கதை.

நாமாக இருந்தால் அந்தச் சனியனைத் தூக்கி ராஜகால்வாய்ச் சாக்கடையில் போட்டிருப்போம். அவர் என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். கண் கலங்கிச் சிரித்தார்.

"அல்போ, யாருக்கும் சொல்லாதே. பிலோ வந்துட்டா. எங்கூட வெளையாடுறா."

அதற்கப்புறம் யார் சொல்லிக் கேட்பார்? தினமும் கம்பியை மாற்றுவார், வாசிப்பார். முப்பது வருடம் விட்ட கை. இடது கை விரல் நுனியெல்லாம் கொப்புளம், கொப்புளம் உடைந்து ரத்தம். கிடார் பிடிப்பவர்களுக்குத் தெரியும், கொஞ்ச நாள் வலிக்கும், அப்புறம் விரல் நுனி காய்த்துப்போகும். காய்ப்பு ஏறிவிட்டால் வலியே இருக்காது. டென்சில் அந்தக் காய்ப்புக்காகக் காத்திருந்தார். காலையில் எழுந்ததும் விரலைத் தடவித் தடவிப் பார்ப்பார். இடது கை பச்சைப்பிள்ளை கை போலவே இருந்தது. காய்ப்பு ஏறவே இல்லை.

ஏறியது... வலது கையில்.

வலது கையால் அவர் ஒரு நாளும் கம்பியை அழுத்தியது கிடையாது. அந்தக் கையின் நாலு விரல் நுனியிலும் தோல் மஞ்சளாகத் தடித்துக் கம்பி பதிந்த கோடு விழுந்திருந்தது. அதுவும் நேற்று முந்தாநாள் விழுந்ததாகத் தெரியவில்லை. பல வருடம் வாசித்தவன் கை மாதிரி இருந்ததாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். அல்போன்சா அண்ணனுக்கு மீன் குழம்பு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். படியேறும்போதே கிடார் சத்தம் கேட்கிறது. அப்பேர்ப்பட்ட வாசிப்பு! அண்ணனுக்குக் கை திரும்பிவிட்டது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் மெட்டுதான் என்னவோ மாதிரி இருந்தது. மேலே ஏறுகிற மாதிரி ஏறிப் பாதியில் நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து ஏறும். மறுபடி அங்கேயே நிற்கும். கேட்டுக்கொண்டிருந்தால் மூச்சு முட்டும்.

"எப்படி இருக்கும்க்கா அந்த ட்யூன்? பாடிக் காட்டுங்களேன்."

"செருப்பால அடிப்பேன். அதை மட்டும் கேக்காத."

கதவைத் தள்ளினாள். டென்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். கிடாரை இடம் வலம் மாற்றிப் பிடித்திருக்கிறார். வலது கை கம்பியை அழுத்துகிறது. முகமெல்லாம் வியர்வை. நீலகிரித் தைல வாடை அறை முழுக்க.

"அல்போ... இந்தக் கையைப் புடி. புடிச்சு நிறுத்து."

குழம்புச் சட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் அவர் வலது கையைப் பிடித்தாள். ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது. இடது கை கொதிக்கிறது, வலது கை சில்லிடுகிறது. கிடாரைப் பிடுங்கித் தூர வைத்தாள். அப்படியும் அவள் உள்ளங்கைக்குள் அந்த நாலு விரலும்... அழுத்திக்கொண்டே இருந்தன.

"அண்ணியாண்ணா இது?"

டென்சில் தலையை ஆட்டினார்.

"பிலோ இல்ல அல்போ. பிலோ என் கைய இப்படி நோகப் புடிச்சதே இல்ல."

அன்றைக்குத்தான் மனுஷன் உடைந்து போனார்.

கிடாரைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று சந்திரம்மா வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். அந்த அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"வெளியே போனது போனதுதான்பா. என் வாசல்ல வைக்காதே."

அவ்வளவுதான், ஜன்னலைச் சாத்திவிட்டாள். அந்தக் குடியிருந்த ஆள் யார், என்ன ஆனான், ஒன்றும் சொல்லவில்லை. அல்போன்சா கிடாரைக் கொண்டுவந்து அண்ணன் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

கல்யாணம் வந்தது. சர்ச்சில் கல்யாணப் பூசை நல்லபடியாக முடிந்தது. சர்ச் ஹாலில் ரிசப்ஷன். நானும் போயிருந்தேன். டென்சில் கோட்டும் டையுமாக மேடை ஏறினார். கிடாரில்தானே கோளாறு, அதுதான் பூட்டிக் கிடக்கிறதே என்று தைரியம். நம் சர்ச் பாடகர் குழுவின், அதான் கொயரின், கிடாரை வாங்கி மடியில் வைத்தார். ஒழுங்காக, இடது கையால் பிடித்து ஆரம்பித்தார்.

முதல் வரி வந்தது. தடுமாறித் தடுமாறி வந்தது, ஆனாலும் வந்தது. சோஃபியா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அம்மா அடுப்படியில் முணுமுணுத்தது அதுதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. டென்சில் தலையைத் தூக்கி ஹால் வாசலைப் பார்த்தார். வருவாள் என்று பார்த்தார் பாருங்கள்...

அப்போது அவர் மடியிலிருந்த கிடார் மெதுவாகத் திரும்பியது. அவர் கைகளே அதைத் திருப்பின. வலது கை கம்பிமேல் போய் உட்கார்ந்தது. மேலே ஏறிப் பாதியில் நிற்கும் அந்த மெட்டு ஆரம்பித்தது. ஒரு பிசிறு இல்லை. எங்கள் கொயர் பையன்கள் விசில் அடிக்கிறார்கள், "அங்கிள் லெஃப்ட் ஹாண்ட்லயும் கலக்குறாருடா!" என்று. ஹாலே கை தட்டுகிறது. அவர் மூக்கு நுனியிலிருந்து கண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சந்தோஷக் கண்ணீர் என்று என் பக்கத்தில் ஒருத்தி சொன்னாள். எனக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. கடைசியில் சோஃபியா கல்யாணக் கவுனோடு மேடை ஏறி அந்தக் கிடாரைப் பிடுங்கினாள்.

"இது மம்மி பாட்டு இல்லியே, டாடி. யாரோடது?"

"தெரியலம்மா. எனக்கு நம்மது வரமாட்டேங்குது."

அப்புறம் அவர் கிடார் பக்கமே போகவில்லை. போகாவிட்டால் என்ன, கை விடவில்லையே. மேஜை விளிம்பு, பஸ் கம்பி, பூசையில் பெஞ்சு, எது கிடைத்தாலும் வலது கை விரல்கள் அழுத்திக்கொண்டிருக்கும். சோறு அள்ளினால் சிந்தும். இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டார். பேச்சு குறைந்துபோயிற்று. பிலோமினாவின் மெட்டை வாயாலாவது பாடச் சொல்லி சோஃபியா கேட்டாள். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். மறந்துவிட்டிருந்தது. இந்த உலகத்தில் அதை முழுசாகத் தெரிந்தவர் இனி யாரும் இல்லை.

தவக்காலத்தில் ஒரு காலை அவரை நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்தார்கள். உயிர் போய்விட்டிருந்தது. வலது கையை ஒரு துண்டால் நாற்காலிக் கையோடு தானே இறுக்கிக் கட்டியிருந்தார்.

நான் என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். கோட்டு போட்டு, காலுறை போட்டு, கைக்கு வெள்ளைக் கையுறை மாட்டுவோம் இல்லையா, அது அல்போன்சாவும் நானும் மாட்டியது. வலது கை விரல்கள் மடங்கி விறைத்திருந்தன. வெந்நீர்த் துணி வைத்து நீவி நீவி நிமிர்த்தினோம். ஜெபமாலையைச் சுற்றினோம். புதுக் கையுறை, கடையிலிருந்து அப்போதுதான் வாங்கியது.

அன்று இரவு முழுக்க ஜெபமும் பாட்டுமாகப் போயிற்று. பாட்டுக்கு நடுவே கிடார் சத்தம் கேட்டது. மெல்லிசாக. வெளியே ஷாமியானாப் பந்தலில் பையன்கள் வாசிக்கிறார்கள் என்று உள்ளே இருந்த நாங்கள் நினைத்தோம். வெளியே இருந்தவர்கள், உள்ளே யாரோ வாசிக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். விடிந்த பிறகு காப்பி குடிக்கும்போதுதான் பேச்சு வந்தது. ஒருத்தரும் கிடார் கொண்டு வரவில்லை. அல்போன்சா ஓடிப்போய் பீரோவைப் பார்த்தாள். பூட்டு பூட்டியபடி இருந்தது.

சோஃபியா பெட்டிக்குப் பக்கத்தில் நின்று என்னைக் கூப்பிட்டாள். வலது கையுறையின் நாலு விரல் நுனியிலும் கோடு கோடாகக் கறுப்பு. துரு. துணி நைந்து நூல் பிரிந்திருந்தது. நீலகிரித் தைலம் மணத்தது.

யாரிடமும் சொல்லவில்லை. வேறு ஜோடி வாங்கி வரச் சொல்லி நானே மாற்றினேன். மாற்றியதும் பெட்டியை மூடினார்கள். கல்லறைக்குப் போகும் வழியெல்லாம் சோஃபியா அந்த மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை. என்னடி என்று கேட்டேன். ஒன்றுமில்லை ஆண்ட்டி என்றாள்.

குழிப் பக்கத்தில் கடைசியாக முகம் பார்க்க ஒரு தடவை திறப்பார்கள் அல்லவா... திறந்தார்கள். எல்லாரும் முகத்தைப் பார்த்தார்கள். நானும் சோஃபியாவும் கையைப் பார்த்தோம். ஜெபமாலை நழுவிக் கிடந்தது. நான் மாட்டிய புதுக் கையுறையில் நாலு விரலிலும் கறுப்புக் கோடு விழுந்திருந்தது.

சோஃபியா குனிந்து அவர் காதருகே கேட்டாள்.

"இன்னுமா உங்கள விடல, டாடி?"